செவ்வாய்க்கிழமை நோயாளி

செவ்வாய்க்கிழமை காலையானால் உம்மு வஸ்ஃபிக்கு உடம்புக்கு முடியாமல் போய்விடும். முந்தின நாள் கேஸ் சிலிண்டரைத் தனியாளாக மாடிக்குத் தூக்கியவள், தெருவாசலில் "யா அல்லாஹ்... மெதுவாம்மா, மெதுவா" என்று முனகிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரி எவளாவது ஒருத்தியின் தோளைப் பிடித்தபடி டாக்சியில் ஏறுவாள். தெருமுனை தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "கண்ணாடிய இறக்குப்பா, புழுங்குது" என்று டிரைவரை அதட்டுவாள். அதுவரை தாங்கிப் பிடித்து வந்தவள் அப்போதுதான் அழத் தொடங்குவாள்.

விஷயம் இதுதான். இர்பித் நகரத்தில் எங்கள் தெருப் பெண்கள் மனநல டாக்டரிடம் போக முடியாது. போனால் பைத்தியம். ஆனால் நோயாளிக்குத் துணையாகப் போனால் புண்ணியம். எந்தப் புருஷனும் குறுக்கே நிற்கமாட்டான். பிள்ளை பெற்றபின் சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்த உம்மு தைஸீரைக் கூட்டிப்போகத்தான் உம்மு வஸ்ஃபி முதன்முதலில் நோயில் விழுந்தாள். உம்மு தைஸீரின் புருஷனிடம் போய், "தம்பி, எனக்கு என்னமோ நரம்புக் கோளாறாம். அந்த டாக்டரம்மாகிட்ட தனியா போக பயமா இருக்கு. உம் பொண்டாட்டிய அனுப்பி வையேன்" என்றாள். "அதுக்கென்னக்கா, கூட்டிட்டுப் போங்க" என்று அவனே டாக்சி பிடித்துக் கொடுத்தான், பாவம். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். நானும்தான் போனேன். இன்றைக்கு எங்கள் தெருவில் பைத்தியம் ஒருத்திதான். மற்ற எல்லாரும் அவளுக்குத் துணை.

அந்த மனநல டாக்டர் ருபாவின் அறைக்குள் உம்மு வஸ்ஃபி ஒருநாளும் கால் வைத்ததில்லை. வெளியே உட்கார்ந்து, மடியில் சட்டியை வைத்துக்கொண்டு, அரிசி அடைப்பதற்காகக் குட்டிச் சுரைக்காய்களைக் குடைந்துகொண்டிருப்பாள். கண் சிவந்து வெளியே வருகிறவளிடம் உள்ளே என்ன பேசினாய் என்று கேட்கமாட்டாள். "மூஞ்சியக் கழுவிட்டு வாடி. இவ்வளவு அழுதா நான் செத்துட்டேன்னு தெருவுல துக்கக் கூடாரம் போட்டுருவாங்க" என்பாள். ஒருமுறை டாக்டரே வந்து, "நீங்களும் ஒருநாள் உள்ள வாங்களேன்" என்று கூப்பிட்டார். "எனக்கென்ன கேடு? நான் என்ன பைத்தியமா?" என்று இவள் சீறியதில், காத்திருந்தவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

போன வாரம் அவள் மகள் ஸவ்ஸனைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் காலிப்பும் அவளும் பல்கலைக்கழகத்திலிருந்தே மனம் ஒத்தவர்கள். இது தட்டிப்போனால் பெண் உடைந்துபோவாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். காப்பி வந்தது. பையனின் தாய் உம்மு காலிப் அதைத் தொடாமல் கீழே வைத்தாள். எங்கள் வழக்கத்தில் சம்பந்தம் முடிவாகாமல் பெண் கேட்டு வந்தவர்கள் காப்பி குடிக்கமாட்டார்கள்.

"மனசுல வச்சுக்க முடியல, கேட்டுடறேன். நீங்க செவ்வாய்க்கு செவ்வாய் மனநோய் டாக்டர்கிட்ட போறதா ஊரே சொல்லுது. நாளைக்கு உங்க பொண்ணுக்கும் அது வந்தா?"

சுற்றி உட்கார்ந்திருந்தது அத்தனையும் துணைக்குப் போனவர்கள். ஒருத்தியாவது வாயைத் திறக்க வேண்டுமே! உம்மு தைஸீர் கம்பளத்துப் பூவை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.  உம்மு வஸ்ஃபிக்கு ஒன்றுமில்லை, நோய் எங்களுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். உம்மு வஸ்ஃபி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"ஆமா, போறேன்" என்றாள். "பல்லு வலிச்சா பல் டாக்டர்கிட்ட போறோம்ல? அது மாதிரி. போக ஆரம்பிச்சப்புறம் தூக்கம் வருது. எம் பொண்ணுக்கு வந்தாலும் நானே கூட்டிட்டுப் போவேன்."

கதவுக்குப் பின்னால் ஸவ்ஸன் விசும்புவது கேட்டது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

 உம்மு காலிப் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, முக்காட்டு நுனியால் வாயை மறைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் காதில் விழுந்தது.

"நெஜமாவே தூக்கம் வருதா, சம்பந்தி? அப்படின்னா வர்ற செவ்வாய்க்கிழமை... உங்களுக்குத் துணைக்கு நான் வரட்டுமா?"

 உம்மு வஸ்ஃபி, ஆறிப்போயிருந்த காப்பியை எடுத்து அவள் கையில் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.