சமர்கந்துக்கு வாங்கிய ஸ்வெட்டர்

மேல்பட்டாம்பாக்கத்தில் அக்கா வீட்டு பீரோவில் சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று இருக்கிறது. வாங்கி வந்த அன்றே மச்சான் அதைப் போட்டுக் காட்டினார். வியர்த்துக் கொட்டியது, ஸ்வெட்டரின் கைகள் விரல்களைத் தாண்டித் தொங்கின. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். "சிரிங்க, சிரிங்க. சமர்கந்துல நடுங்கறப்ப என்கிட்டதான் கேப்பீங்க" என்றார். துபாயில் லாரி ஓட்டிய காலத்தில் அவரோடு ஒரே அறையில் தங்கியவர் அந்த ஊர்க்காரர். அவர் போட்டோவில் காட்டிய நீலக் குவிமாடங்களை அக்காவோடு நேரில் பார்த்துவிட வேண்டும் என்று இருபது வருடமாக மச்சான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவழியாக மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தோம். புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது, மாரடைப்பில் போய்விட்டார்.

கணவரை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தாள் அக்கா. நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வரக்கூடாது, வேற்று ஆண்களைப் பார்க்கக்கூடாது. நானும் போகவில்லை என்றேன். அவள் விடவில்லை. "நீயாச்சும் போயிட்டு வா தம்பி. அங்கேந்து வீடியோ கால் போடு" என்று ஸ்வெட்டரை என் பையில் திணித்தாள்.

அதைப் போட்டுக்கொண்டுதான் சமர்கந்துச் சதுக்கத்தில் நின்றேன். மூன்று பக்கமும் பழைய மதரஸாக்கள், நடுவே ஏகப்பட்ட கூட்டம். சிதம்பரத்தில் வரலாற்று வாத்தியார் அல்லவா, பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். போனைத் திருப்பி வாசல்கள், ஓடுகள், குவிமாடங்கள் என்று ஒன்றுவிடாமல் காட்டினேன். அவள் பக்கம் திரை இருட்டாகவே இருந்தது. சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். "பாத்தியாக்கா?" என்றதற்கு "ம்" என்றாள்.

இத்தா முடிந்ததும் படங்களையும் ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு போனேன். அப்போதுதான் சொன்னாள்.

"நீ காட்டுன வீடியோல ஆம்பளைங்க ஜாஸ்தியா போய் வந்துட்டு இருந்தாங்க. போனைக் கவுத்து வச்சுட்டேன். 'என்னப் பாரு'ன்னு எப்பவாச்சும் சொல்லுவேன்னு காத்துட்டு இருந்தேன் தம்பி. அவுங்க ஸ்வெட்டர் அந்த ஊர்ல நிக்கிறதப் பாத்தா போதும்னு இருந்துச்சு."

நான் எடுத்த படங்களைப் புரட்டினேன். அத்தனையும் கட்டடங்கள். நான் ஒன்றில்கூட இல்லை. என்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அவள்முன் நின்றேன். சித்திரை வெயிலில் கழுத்தெல்லாம் வியர்வை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அக்கா வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, விரல்களை மூடிய ஸ்வெட்டர் கையை மெல்ல மடித்துவிட்டபடி கேட்டாள்.

"அங்க ரொம்பக் குளிருச்சா?"