கயிறு இழுத்தவனின் குடலிறக்கம்

இடது தொடையிடுக்கில் முதலில் பாக்கு அளவு வீக்கம்தான் வந்தது. படுத்தால் உள்ளே போய்விடும். எழுந்து நின்றால் எட்டிப் பார்க்கும். கயிறு இழுக்கிற, குஸ்தி போடுகிற தம்பிமாரே, உங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் வேட்டிக்குள் மறைக்காதீர்கள்.

சிராங்கூன் சாலை மாட்டுக்கொட்டகை ஆட்களும் வண்டிக்காரர்களும் சேர்ந்த குழு எங்களுடையது. புத்தாண்டு அன்று கடற்கரைத் திடலில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியில் துறைமுகத்து ஆட்களை இழுத்துச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. தலைவர் சுல்தான் நானா நாகூர்க்காரர், அரிசிக்கடை வைத்திருந்தார். பயிற்சியில் எங்கள் உள்ளங்கை உரிந்து ரத்தம் கசியும்போது, "வலிக்குதா?" என்று கத்துவார். "இல்லை!" என்று எல்லாரும் கத்துவோம். கத்தினால் வலி குறையத்தான் செய்தது, பொய் சொல்லவில்லை. நான் கடைசி ஆள். கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டியவன். குரலும் எனக்குத்தான் பெரிது.

ஒரு மாலை வீக்கம் வெளியே வந்தது, படுத்தும் உள்ளே போகவில்லை. வாந்தி வேறு. என் மனைவி பொன்னம்மா மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

வெள்ளைக்கார டாக்டர் அழுத்திப் பார்த்தார். தமிழ் டிரஸ்ஸர் (டாக்டரின் உதவியாளர்) கேட்டார்:

"வலிக்குதா?"

"இல்லை!"

வார்டே திரும்பிப் பார்த்தது. இன்னும் அழுத்தினார்கள், கண்ணில் பூச்சி பறந்தது. மறுபடியும் "இல்லை!" என்றேன். வேண்டுமென்றே சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

பொன்னம்மா டிரஸ்ஸரை மறித்தாள். "ஐயா, இந்த மனுஷன் கயிறு இழுக்கிறவரு. வலிக்குதான்னு கேட்டா உசிரு போனாலும் இல்லைன்னுதான் சொல்லுவாரு. வேற மாதிரி கேளுங்க."

டிரஸ்ஸர் சிரித்துவிட்டார். "சரி, இருமு" என்றார். இருமினேன். நான் போட்ட கூச்சலில் டாக்டர் திரும்பி வந்தார்.

ஹெர்னியா (குடலிறக்கம்) என்றார்கள். வெளியே வந்த குடல் இறுகிக்கொண்டது, உடனே அறுக்காவிட்டால் அழுகிவிடுமாம். பயம் அப்போதுதான் வந்தது. பொன்னம்மாவின் கையை விடவே இல்லை. குளோரோபார்ம் (மயக்க மருந்து) இனிப்பாக மணத்தது. விழித்தபோது அடிவயிற்றில் தையல். "உசிரு தப்புச்சு. கயிறை மறந்துடு" என்றார் டிரஸ்ஸர். சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

சில நாள் கழித்து நானா பார்க்க வந்தார். "நம்ம ஆளுங்க உனக்காக இழுப்பாங்க தம்பி" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். குனிந்து, மெல்ல, "எனக்கும் இருக்கு. ரெண்டு பக்கமும்" என்றார்.

"எப்பருந்து நானா?"

"உன்னைக் குழுவுல சேர்க்கிறதுக்கு முந்தியே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரைத் திட்டிவிட்டு டிரஸ்ஸரைக் கூப்பிட்டேன்.

நானாவையும் படுக்க வைத்து அறுத்துத் தைத்தார்கள். புத்தாண்டு அன்று இருவரும் வார்டில் இருந்தோம். திடலில் யார் வென்றார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. கட்டிலிலிருந்து சன்னல் வரை போவதற்கே அன்றைய காலை முழுதும் வேண்டியிருந்தது. நானா என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் "அம்மாடி! மெதுவா, மெதுவா!" என்று வார்டு முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டே வந்தார்.