சலூன்காரரின் சுழல்வெட்டு

என் அக்காவின் கணவர் சலூன் வைத்திருக்கிறார். முடியை வெட்டுவதற்கு முன் கத்திரியை இரண்டு முறை காற்றில் சொடுக்குவார். சீப்பை விரல்களுக்கிடையே ஒரு சுற்று சுற்றுவார். வந்தவர் தலையில் பத்து முடிதான் மிச்சம் என்றாலும் இந்த மரியாதையில் குறை வைக்கமாட்டார். அவருக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தவன் நான்தான். அதை அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

கடையைச் சாத்தியதும் நேரே வீட்டுக்கு வந்து மகளோடு வீடியோ கேமில் உட்கார்ந்துவிடுவார். அரக்கர்களும் மந்திரவாதிகளும் நிறைந்த ஒரு ராஜ்ஜியம். அதில் இருவரும் வாள் வீரர்கள். மகள் கண்ணும் கருத்துமாக ஆடுவாள். கேடயத்தைப் பிடிப்பாள், எதிரி ஓங்கும்வரை பார்த்திருப்பாள், விலகுவாள், ஒரு குத்து, உடனே பின்வாங்கல். பார்க்கிற எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் அவள் செத்து நான் பார்த்ததில்லை. நம் மச்சானோ சிவப்பு அங்கி, இறகு வைத்த தொப்பி சகிதம் எம்பிப் பாய்ந்து, காற்றிலேயே சுழன்று வெட்டிக்கொண்டு இறங்குவார். கண்கொள்ளாக் காட்சிதான். ஒரே சங்கடம், அந்தச் சுழல்வெட்டைத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. அரக்கன் சாவகாசமாகக் காத்திருந்து, அவர் இறங்குகிற இடத்தில் ஒரே போடு போடுவான்.

அப்படித்தான் கடைசி அரக்கனிடம் வாரக்கணக்கில் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தார்கள். இருவரில் ஒருவர் விழுந்தாலும் சண்டை முதலிலிருந்து. மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை ரயில். அதற்குள் அப்பாவோடு சேர்ந்து இந்த அரக்கனை முடித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

"அப்பா, இன்னைக்காவது சுத்தாம அடிங்கப்பா. கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"வாள் எடுத்தவனுக்கு ஒரு ஸ்டைல் வேணாமா? வெறுமனே குத்துறதுக்கு நான் என்ன ஊசி போடுறவனா?"

"செத்துப்போறவருக்கு எதுக்குப்பா ஸ்டைல்?"

அவர் சுற்றினார். செத்தார். அடுக்களையிலிருந்த அக்கா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாகும்போதெல்லாம் அவர் போடும் ஓலம் வீட்டுக்குப் பழகிவிட்டது.

சனிக்கிழமை சவரம் செய்துகொள்ள அவர் கடைக்குப் போனேன். நாற்காலியைச் சாய்த்தார், நுரை தடவினார், சவரக்கத்தியை எடுத்தார். அதோடு ஆளே மாறிவிட்டார். சொடுக்கு இல்லை, சுற்று இல்லை. நான் எச்சில் விழுங்கும்வரை காத்திருந்தார். தொண்டை அசைவது நின்றதும் ஒரே இழுப்பு. மறுபடி காத்திருந்தார். அச்சு அசல் அவர் மகள் ஆடுகிற ஆட்டம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "மச்சான், உங்களுக்கு நல்லாவே ஆடத் தெரியும். வேணும்னேதான் சாகறீங்க, இல்ல?"

துண்டை உதறினார். மடித்தார். மடித்ததை மறுபடி உதறினார்.

"முடிச்சிட்டா அப்புறம் எதுக்குடா என் பக்கத்துல வந்து உக்காருவா?"

எனக்குக் கிண்டல் செய்ய வாய் வரவில்லை. பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "முடிக்கலைன்னாலும் நாளைக்கு ரயில் கிளம்பத்தான் போகுது மச்சான். தோத்த முகத்தோட அவளை அனுப்பாதீங்க" என்றேன்.

அன்று மாலை நானும் போய் அவர்கள் பின்னால் உட்கார்ந்தேன். தன் வீரனின் அங்கியையும் தொப்பியையும் அவர் கழற்றவில்லை. அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கிற மனிதர் இல்லை. ஆனால் சுற்றவில்லை. அரக்கன் கோடரியை ஓங்கினான், விலகினார். ஒரு குத்து. பின்வாங்கினார். மகள் திரையை விட்டுவிட்டு அவரையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அரக்கன் முழங்கால் மடங்கிச் சரிந்தபோது ஒருவரும் கூச்சல் போடவில்லை.

"அப்பா... உங்களுக்கு இப்படி ஆடத் தெரியுமா? இத்தனை நாளும் தெரியுமா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் அவர் தோளில் சாய்ந்திருந்தாள். பிறகு காலியாகக் கிடந்த அந்தக் களத்தில் தன் வீரனை எம்பிக் குதிக்க வைத்தாள். அவன் பாதி சுற்றிக் குப்புற விழுந்தான்.

"எனக்கு அந்தச் சுழல்வெட்டைச் சொல்லிக் குடுங்கப்பா. இன்னைக்குப் பாதி போதும். மீதியை அங்க போய் தினம் போன்ல கேட்டுக்கறேன்."

மச்சான் மூக்கை உறிஞ்சினார், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதெல்லாம் லேசுல வராதும்மா. வருஷக்கணக்காகும்" என்றார்.