அம்மிக்குக் குழவி தேடிப் போன கதை

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த அம்மிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் குழவிதான் துறைமுகத்தில் விழுந்து இரண்டாகப் போயிற்று. கடைக் குழவி மணல் உதிர்க்கும் என்று மாமியார் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். என் கணவருக்குத் தண்ணீர்த் தேக்கத்தில் வேலை. தாம்சன் ரோட்டுக் காட்டுக்குள் பெரிய ஏரியாகப் பரந்திருந்த அந்தத் தேக்கத்தின் கரையில் நல்ல கருங்கல் கிடப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார்.

"அப்ப லீவுல போய்த் தேடு. அவளையும் கூட்டிட்டுப் போ, அரைக்கிற கைக்குத்தான் அளவு தெரியும். கெடச்சதும் திரும்பிடணும்" என்றார் மாமியார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சிராங்கூன் ரோட்டு வீட்டில் கொழுந்தன்மார், நாத்தனார், பிள்ளைகள் என்று எந்நேரமும் கூட்டம். எங்கள் பங்குக்கு ஒரு சேலைத் திரை. கல்யாணமானதிலிருந்து அதற்குப் பின்னால் நாங்கள் பேசியதெல்லாம் குசுகுசுதான். அவருடைய முழுக் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

மாட்டு வண்டி எங்களைக் காட்டோரம் இறக்கிவிட்டுப் போனது. காவல்காரர் தெரிந்தவர் என்பதால் கரையில் தங்க விட்டார். மரங்களுக்கிடையே கித்தானைக் கட்டிப் பாயை விரிக்கிறேன், காலடியிலேயே கிடக்கிறது கல். நீண்டு, உருண்டு, இரண்டு கைக்கும் அளவாக.

"கெடச்சிருச்சா?" என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"கொஞ்சம் கோணலா இல்லீங்க?" என்றேன்.

அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கோணல்தான். ரொம்பக் கோணல்" என்று தூக்கி ஏரியில் போட்டார்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பைத்தியம்தான் பிடித்தது. கரை நெடுகக் கல் பொறுக்கினோம். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்றுக்கு முகவெட்டு போதாது என்று எல்லாவற்றையும் தள்ளினோம். அட்டை கடித்ததற்கும் சிரித்தோம், குரங்கு கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு ஓடியதற்கும் சிரித்தோம். அவர் தூரத்து வளைவில் நின்றபோது, பெண்டாட்டி வாயில் வரக்கூடாத அவர் பெயரை உரக்கக் கூப்பிட்டேன். கையிலிருந்த கல்லைக் காலில் போட்டுக்கொண்டார். நொண்டிக்கொண்டே என் பெயரைத் திருப்பிக் கத்தினார். அவ்வளவு பெரிய குரல் அவருக்கு! சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

லீவு முடிந்தது. வெறுங்கையோடு போக முடியாதே என்று கடைசியாக அகப்பட்ட ஒரு கல்லைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தோம். பாழாய்ப்போன கல், அதுவும் நன்றாகவே அமைந்துவிட்டது.

மாமியார் அதை அம்மிமேல் உருட்டினார். ஒரு தடங்கலுமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. இனி எங்களுக்கு ஏரி ஏது, திரைக்குப் பின்னால் குசுகுசுதான். மாமியார் நிமிர்ந்து, வெயிலில் கறுத்துப்போன என் முகத்தைப் பார்த்தார். மகனின் வீங்கிய கால் விரலைப் பார்த்தார்.

"இது ஆகாது" என்றார். "அடுத்த லீவுக்கும் போய்ப் பாருங்க."

மாமியார் கல்லைத் தூக்கி மூலையில் வைத்தார்.

"அவசரப்படாமத் தேடுங்க. போறப்ப நல்ல பாயா எடுத்துட்டுப் போங்க."