கரண்டியில் நிற்காத கஞ்சி

காலையில் அரிசி களையும்போதே எனக்கு இருமல் சத்தம் கேட்டுவிடும். என் மனைவி அப்போது எழுந்திருக்கவே மாட்டாள். அறைக்குள் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும்தான் இருக்கும். இருந்தாலும் குழாயை மூடிவிட்டுக் காது கொடுப்பேன். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மறுபடி குழாயைத் திறப்பேன். இரண்டாவது முறை களையும்போது இன்னொரு பயம் வரும். சத்தமே இல்லையே, அது ஏன் என்று. கையைத் துடைத்துக்கொண்டு அறை வாசலில் போய் நின்று, போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்புக்கு வருவேன்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம். மகள் ஜொகூரில் வேலை செய்கிறாள். என் மனைவி சாலை முச்சந்தியில் காலைப் பசியாறல் கடை போட்டிருந்தவள். தோசை, இட்லி, நாசி லெமாக் என்று மழை நாளிலும் குடையைக் கட்டிக்கொண்டு விற்பாள். நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினேன். வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு நாள் மாவு கரைத்துக்கொண்டிருந்தவளுக்கு வலது கை விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஸ்ட்ரோக் என்றார்கள்.

உயிர் தப்பியது. நடை கொஞ்சம் வந்தது. பேச்சும் வந்தது, சொற்கள் வாய்க்குள் உருண்டு வந்தாலும் எனக்குப் புரியும். ஆனால் தொண்டை மட்டும் சரியாகவில்லை. தண்ணீர் குடித்தால் இருமுவாள், சோறு தின்றால் அடைக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையில் சொன்னது இதுதான்: கஞ்சிதான் கொடுக்க வேண்டும், மழமழவென்று, கரண்டியைச் சாய்த்தாலும் ஒழுகாத பதத்தில். அடுத்த தடவை வரும்போது எடை இன்னும் குறைந்திருந்தாலோ, சாப்பாடு நுரையீரலுக்குள் போகிற மாதிரி இருந்தாலோ, மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும்.

வாடகைக் காரில் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கும்போது அவள் சொன்னாள்.

“மூக்குல குழாயோட நான் இருக்க மாட்டேன். சொல்லிட்டேன்.”

அன்றிலிருந்து என் தலையில் ஓடியது அந்தக் குழாய் ஒன்றுதான். நான் ஆறாம் வகுப்புக்கு அடுத்த புகுமுக வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எதைச் சொன்னாலும் முழுசாகப் புரிந்ததா இல்லையா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் இந்தக் கஞ்சி விஷயம் நன்றாகவே புரிந்தது. புரிந்தும் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதல் கஞ்சியைச் சொன்னபடிதான் வைத்தேன். பச்சரிசி, கொஞ்சம் வெந்தயம், நான்கைந்து பல் பூண்டு, கடைசியில் தேங்காய்ப் பால். எல்லாம் அவள் கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்லச் செய்தது. குழைய வேகவிட்டு பிளெண்டரில் அரைத்தேன். கெட்டியாக, வெள்ளையாக வந்தது. கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

“இத வச்சி செவுத்துல போஸ்டர் ஒட்டலாம்.”

அவள் கிண்டல் செய்ததே எனக்குப் பாதி நிம்மதி. ஒரு கரண்டி ஊட்டினேன், போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது வாய்க்கு இருமினாள். பெரிய இருமல்கூட இல்லை. ஆனால் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கை தானாகக் கெட்டிலுக்குப் போனது. வெந்நீரை ஊற்றிக் கலக்கினேன். கெட்டியாக இருப்பதால்தானே அடைக்கிறது, நெகிழ்ந்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று அப்போது தோன்றியது.

எங்கள் ஆட்களுக்கு இது கையோடு ஊறினது. கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நான் வளர்ந்தவன். அங்கே கஞ்சி பசியாறுகிற சாப்பாடு இல்லை. காலையில் பாலில்லாத வரக்கோப்பியும் ரொட்டியும்தான். ஒரு வீட்டில் கஞ்சி வைத்தால், யாருக்கு முடியவில்லை என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். காய்ச்சல் எவ்வளவோ அவ்வளவு தண்ணீர். படுத்த படுக்கை என்றால் வடிகஞ்சி மட்டும். உடம்பு தேறத் தேறத் தண்ணீரைக் குறைப்பார்கள். கஞ்சி சோறாகிவிட்டால் நோய் போய்விட்டது என்று கணக்கு. நோயாளிக்குக் கெட்டியாகக் கொடுப்பது கல்லைக் கொடுப்பது மாதிரி. மருத்துவமனையில் சொன்னது என் காதில் இருந்தது. இது என் கையில் இருந்தது. பயம் வந்தால் காது வேலை செய்வதில்லை, கைதான் வேலை செய்கிறது.

மறுநாள் இன்னும் கொஞ்சம் இருமினாள். நான் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

அரிசிக் கஞ்சிதான் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று பிறகு நினைத்தேன். மகள் போனில் ஓட்ஸ் கொடுக்கச் சொன்னாள். பாலில் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப்போட்டு, வழக்கம்போல நீர்க்கக் கரைத்துக் கொடுத்தேன். இது என்ன, குதிரைக்கு வைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். சீனன் கடையிலிருந்து மோய் வாங்கி வந்தேன். நம் கஞ்சியைப் போலத்தான், இஞ்சியும் மீன் துண்டும் போட்டு, மேலே தண்ணீரும் அடியில் பருக்கையுமாக இருக்கும். வாசனை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதில்தான் அதிகமாக இருமினாள். பச்சைப் பயிற்றைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சினேன். கேழ்வரகு மாவை மோரில் கரைத்துக் கூழ் வைத்தேன். கூழைப் பார்த்ததும் அவள் கண் கொஞ்சம் மலர்ந்தது. வெங்காயம் எங்கே என்று கேட்டாள். தொண்டையில் அடைக்குமே என்று வெங்காயத்தை விட்டுவிட்டு, கூழிலும் பாதிக்குப் பாதி மோரை ஊற்றி நீர்க்க வைத்துக் கொண்டுபோனேன். ஒரு கரண்டியோடு வைத்துவிட்டாள்.

தினமும் ஊட்டி முடிப்பதற்குள் என் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வாய்க்கும் அவள் தொண்டையையே பார்ப்பேன். அந்த எலும்பு மேலே போய்க் கீழே வருகிறதா என்று. வந்துவிட்டால் அடுத்த கரண்டி. எடைக் கருவி ஒன்று வாங்கி வந்தேன். அதில் அவளை நிறுத்துவதே ஒரு பயம், விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று. அவள் நிற்கும்போது நான் பிடித்துக்கொள்வேன். பிடித்தால் எடை சரியாகக் காட்டாது என்று திட்டுவாள். விட்டுவிட்டுப் பார்த்தால் முள் முன்னைவிடக் கீழே நிற்கும். மாதாந்திரச் சோதனை நாள் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது.

அதற்குள் நோன்பு மாதம் வந்தது. எங்கள் தாமான் முனையில் ஒரு பாய் கடை இருக்கிறது. கடைக்கார பாய் என்னைவிட இளையவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவார். பள்ளிவாசலில் மத்தியானத்துக்குப் பிறகு பெரிய அண்டாவில் கஞ்சி கிண்டிக் கொடுப்பார்கள். பாய் அதில் இரண்டு பொட்டலம் எங்களுக்கென்று எடுத்து வைத்தார். மாட்டிறைச்சி இல்லை, கோழிதான், தைரியமாகக் கொடுக்கலாம் என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். நோன்பு திறக்கிற கஞ்சியை நாங்கள் குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாள் காலைப் பசியாற வைத்துக்கொண்டோம்.

காலையில் பார்த்தால் அது இறுகிக் கிடந்தது. இலவங்கமும் ரம்பை இலையும் மணத்தது. சூடாக்கும்போதே உள்ளிருந்து குரல் கொடுத்தாள், அதைக் கொண்டு வாங்க என்று. அரைப்பதற்குள் அவசரப்படுத்தினாள். அரைத்ததும் தண்ணீர் சேர்க்க நேரமில்லாமல் அப்படியே கொண்டுபோனேன். பாதிக் கிண்ணம் சாப்பிட்டாள். இருமவில்லை. முடிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தப் பாதிக் கிண்ணத்தைப் பார்த்து எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பள்ளிவாசல் கஞ்சிக்கு ஒரு விசேஷம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் இரண்டாவது பொட்டலத்தை, நேற்று எப்படியோ தப்பிவிட்டாள், இன்று பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று நன்றாகத் தண்ணீர் விட்டு அரைத்தேன். மூன்றாவது வாயில் புரை ஏறி, மூச்சு திணறி, நாற்காலியின் கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். முதுகைத் தட்டித் தட்டி என் கை வலித்தது. அன்று அவள் வேறெதுவும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் பாயிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பள்ளிவாசலில் அந்தக் கஞ்சியைக் கிண்டுகிறவர்களுக்குத் தோள் கழன்றுவிடும், அவ்வளவு கெட்டி, நீங்கள் அதில் போய் ஏன் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டார். அடைத்துவிடுமே என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். “அண்ணே, அடைக்குதா, வழுக்குதான்னு மொதல்ல பாருங்க லா,” என்றார். வீட்டுக்கு வரும் வழி முழுவதும் அது என் மண்டைக்குள் சுற்றியது. ஆனாலும் மறுநாள் காலையில் கெட்டியாகக் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை.

சோதனை நாளன்று வீட்டிலிருந்தே கஞ்சி வைத்து, சூடு ஆறாமல் சுடுகுப்பியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். நோயாளிகள் விழுங்குவதைச் சோதித்துப் பார்க்கிற பெண் ஒருத்தி இருந்தாள், மலாய்க்காரப் பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். எடை பார்த்தாள். எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டாள். வீட்டில் எப்படி ஊட்டுவீர்களோ அப்படியே ஊட்டுங்கள் என்று மலாயில் சொன்னாள்.

ஊட்டினேன். என் மனைவி இருமினாள்.

அந்தப் பெண் என்னிடமிருந்து கரண்டியை வாங்கி, கஞ்சியை மொண்டு சாய்த்தாள். நூல் மாதிரி ஒழுகியது. என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. தண்ணீர் மாதிரி இருப்பது தொண்டை மூடுவதற்குள் ஓடிவிடுகிறது, அது போகிற வழிதான் நுரையீரல் வழி என்று பொறுமையாகச் சொன்னாள். கெட்டியாக இருந்தால் மெதுவாக நகரும், தொண்டைக்கு மூடிக்கொள்ள நேரம் கிடைக்கும். இதையேதான் முதலிலும் சொன்னார்கள். அலமாரியிலிருந்து ஒரு மாவை எடுத்து என் கஞ்சியில் கலக்கினாள். கொஞ்ச நேரத்தில் அது கரண்டியில் குவிந்து நின்றது.

நான் ஊட்டப் போனேன். தாடையைக் கீழே இறக்கி விழுங்கும்படி அந்தப் பெண் என் மனைவிக்குச் செய்து காட்டினாள். என் மனைவியும் விழுங்கினாள், ஆனால் அவசரமாக, கண்ணை இறுக மூடிக்கொண்டு. ஏன் இவ்வளவு அவசரம் என்று அந்தப் பெண் கேட்டாள். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு என் மனைவியின் நாக்குக்கு மலாய் வருவதில்லை. கடையில் நாள் முழுக்க மலாய் பேசியவள்தான், இப்போது தமிழ் மட்டும்தான். அதனால் என்னைக் காட்டி அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே சொன்னாள்.

“அவர் மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கு. தூக்குல போடப் போற ஆளு மாதிரி ஒக்காந்திருக்காரு. சீக்கிரம் முடிச்சிட்டா அவருக்கு நல்லதுன்னு முழுங்கிடுறேன்.”

அந்தப் பெண் என்னிடம் கேட்டாள், என்ன சொல்கிறார்கள் என்று. நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. என் முகத்தைப் பற்றி என் மனைவி சொன்னதை என் வாயாலேயே, தெரிந்த மலாயில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். தூக்குப் போடுவதற்கு என்ன சொல் என்று யோசித்து, கிடைக்காமல், கழுத்தில் கையை வைத்துக் காட்டினேன். என் மனைவி ஒரு பக்க வாயால் சிரித்தாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கரண்டியை என் மனைவியின் இடது கையில் வைத்தாள். பாக்சிக் என்று மாமா முறை வைத்துக் கூப்பிட்டு, நீங்கள் அந்த ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருங்கள் என்றாள். திரும்பினேன். வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஓர் ஆள் சக்கர நாற்காலியை மடிக்கத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தான். நான் அவனையே பார்த்தேன். எனக்குப் பின்னால் கரண்டி கிண்ணத்தில் தட்டியது, நின்றது, தட்டியது. நடுவில் ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் “ஆ” சொல்லச் சொன்னாள். தொண்டையில் ஏதாவது தங்கியிருந்தால் குரல் கரகரக்குமாம். என் மனைவியின் “ஆ” ஒவ்வொன்றும் தெளிவாக வந்தது. இருமல் வரவில்லை. இடது கை பழக்கமில்லாததால் மேசையெல்லாம் சிந்தியிருந்தது என்று பிறகு பார்த்தேன்.

டாக்டரிடம் பேசிவிட்டு வந்து அந்தப் பெண் சொன்னாள்: குழாய் இப்போதைக்கு வேண்டாம். எடை கவலையாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதம் வாருங்கள், ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் மறுபடி பேசுவோம். அந்த மாவில் ஒரு டின் வாங்கிக்கொண்டோம்.

‘இப்போதைக்கு’ என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. என் மனைவிக்கு அது போதும் போலிருக்கிறது. காரில் ஏறியதும், நாளைக்கு கேழ்வரகுக் கூழ், மோரைக் கம்மியாக ஊற்றுங்கள், நெத்திலியை வறுத்து மாவாக இடித்துக் கலக்குங்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இப்போது காலையில் கூழோ கஞ்சியோ வைத்து, கரண்டியைச் சாய்த்துப் பார்த்து, நின்றால்தான் மேசைக்குக் கொண்டுபோகிறேன். வைத்துவிட்டுப் பின்வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வேன். இது அவள் போட்ட சட்டம். மெர்போக் பக்கம் மேகம் இருட்டியிருக்கிறதா, கொடியில் துணி காய்ந்ததா என்று பார்ப்பதுபோல நிற்பேன். ஒன்றையும் பார்ப்பதில்லை. கரண்டிச் சத்தம் நின்று சற்று நேரமானால் என் கால் தானாகத் திரும்பப் பார்க்கும்.

இன்று காலையும் அந்தச் சத்தம் அப்படித்தான் நின்றது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

“மூச்ச விடுங்க,” என்றாள் பின்னாலிருந்து. “நீங்க புடிச்சி வச்சிருக்கிறது எனக்கு இங்க கேக்குது.”

விட்டேன். கரண்டி மறுபடி கிண்ணத்தில் தட்டியது.