மீட்டரை நம்பாத ஸ்ரீநிவாஸ்

இடது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு வலது கையால் மட்டும் வேலை செய்கிறார் ஸ்ரீநிவாஸ். பழைய வால்வு ரிசீவருக்குள் முந்நூறு வோல்ட் ஓடும். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கிவிடும் என்பதால் ஹாம் ரேடியோக்காரர்கள் பழகிக்கொள்ளும் ஜாக்கிரதை இது. லுங்கியில் பை கிடையாது. ஆகவே இந்தக் கோடையிலும் வீட்டுக்குள் பேண்ட்தான். கீசர் ஸ்விட்சைத் தட்டும்போதுகூட அந்தக் கை தானாகப் பைக்குள் போய்விடுகிறது.

அறுபத்தாறு வயது. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். டாலிகஞ்சில் என் ஃபிளாட்டுக்கு நேர் மேலே குடியிருக்கிறார். சாந்தினி மார்க்கெட்டில் எடைக்குப் போட்டிருக்கும் ரிசீவர்களைத் தூக்கி வந்து, பிரித்து, துடைத்து, பேச வைப்பார். சோதிக்கும் கருவிகளையும் அவரே கட்டிக்கொள்வார். அதில் ஒன்று ரசகுல்லா டின்னுக்குள் குடியிருக்கிறது. எத்தனை முறை கழுவியும் டின்னின் மடிப்பில் ஜீரா மிச்சமிருக்கிறது போலும், எறும்பு வரிசை கட்டுகிறது. "எறும்புக்கு மட்டும் எங்கேர்ந்தோ சிக்னல் கெடைச்சுடறது" என்று சொல்லிச் சிரித்தார்.

இவரைப் பற்றி எழுதலாமென்று நான் மாடியேறிய வாரம் அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

புயலடித்து போன் கோபுரங்கள் விழுந்துவிட்டால் சாகர் தீவுப் பக்கத்திலிருந்து தபன் மைதி என்கிற நண்பர் பாட்டரியில் ஓடும் ஹாம் ரேடியோவில் பேசுவார். எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர், எத்தனை படகு வேண்டும், யாருக்கு என்ன மருந்து. அதைக் காதில் வாங்கி, எழுதி, நிவாரணக்காரர்களுக்குச் சொல்வது ஸ்ரீநிவாஸின் பொறுப்பு. ஓர் எண்ணைத் தப்பாக எழுதினால் படகு வேறு கரைக்குப் போய்விடும். இப்போது வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, நான்கு நாளில் கரையைத் தொடலாம் என்கிறார்கள். இந்தச் சமயம் பார்த்து அவருடைய ரிசீவர் மந்தமாகிவிட்டது.

"சென்சிடிவிட்டி போயிடுத்து. தபன் வாய்க்குள்ளயே பேசற மாதிரி இருக்கு. நேத்து ஒரு நம்பரை மூணு தரம் கேட்டு வாங்கிண்டேன்."

மூன்று வால்வுகளை மாற்றினார். கண்டென்சர்களை மாற்றினார். காயில்களை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். ரசகுல்லா டின்னிலிருந்து சிக்னலை அனுப்பி மீட்டரைப் பார்த்தால், முள் இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக நிற்கிறது. "மீட்டர் பொய் சொல்றது" என்றார். நியூ டவுனில் இருக்கும் நண்பரிடம் இன்னொரு மீட்டரை இரவல் வாங்கி வந்தார். அதுவும் அதையே காட்டியது.

"ரெண்டும் ஒரே கம்பெனி. அதான் சேர்ந்து பொய் சொல்றது."

"டிவியும் அதே கம்பெனியா?" என்று சமையலறையிலிருந்து கேட்டார் அவர் மனைவி மீனாக்ஷி. "கீழாத்துக்காரா கதவைத் தட்டற அளவுக்கு வால்யூம் வெக்கறேள். கரியாஹாட் டாக்டர்ட்ட ரெண்டு தரம் டைம் வாங்கினேன், ரெண்டு தரமும் வரமாட்டேன்னுட்டேள்."

"செட்டை முடிச்சுட்டுப் போலாம்."

கீழாத்துக்காரன் நான்தான். கதவைத் தட்டியதும் நான்தான். அன்று டிவி சத்தம் ஜாஸ்தி என்று சொல்ல வந்துவிட்டு, செய்தித்தாள் இருக்கிறதா என்று கேட்டுத் திரும்பினேன். இப்போதும் மீனாக்ஷி சொன்னதற்குச் சிரித்து மழுப்பினேன். உள்ளதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. ஸ்ரீநிவாஸ் சரியாக இருந்த காயிலையே மறுபடியும் திருப்ப ஆரம்பித்தார்.

சனிக்கிழமை மாலை நான்கு மணி. புயலுக்கு முன்னால் ஓர் ஒத்திகை. தபன் தீவிலிருந்து பட்டியல் படிக்க, இவர் எழுத வேண்டும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வால்யூம் குமிழைக் கடைசி வரை திருப்பினார். இரண்டு வரி எழுதினார். பென்சில் நின்றது. மைக்கை அழுத்தி, "ஆபார் போலோ" என்றார், வங்காளியில், மறுபடி சொல்லச் சொல்லி. எழுதினார், அடித்தார். மறுபடியும் "ஆபார் போலோ." மூன்றாவது முறை மைக்கைத் தொடவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

"நீயே கேளு. எவ்வளவு மெல்லிசா வரதுன்னு பாரு."

மீனாக்ஷி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கிக் காதில் வைத்தார். வைத்த வேகத்தில் பிடுங்கி மேஜைமேல் போட்டார்.

"என்னன்னா இது, காது கிழிஞ்சு போறது."

வாசல் நிலையருகே நின்றிருந்த எனக்கே மேஜையிலிருந்து தபனின் குரல் கேட்டது. பதினொரு படகு, நாற்பத்திரண்டு குழந்தைகள். ஒரு சொல் விடாமல் கேட்டது. பிறகு, "ஸ்ரீநிவாஸ்-தா, ஷுன்தே பாச்சேன்?" என்று, அண்ணா, காதில் விழுகிறதா என்று, திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார் தபன்.

ஸ்ரீநிவாஸ் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. இரண்டு மீட்டர்களையும் ஒரு முறை பார்த்தார். எழுந்து, நாற்காலியை மனைவி பக்கம் திருப்பி, அவரை உட்கார வைத்து, ஹெட்ஃபோனைத் தானே மாட்டிவிட்டார். பிறகு மீனாக்ஷியின் முகத்தையே பார்த்தபடி வால்யூம் குமிழைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் மீனாக்ஷி போதும் என்று தலையாட்டினார். ஸ்ரீநிவாஸ் குமிழிலிருந்து கையை எடுத்து, பென்சிலை அவர் விரல்களுக்கிடையே வைத்தார்.