வலிக்கு முன்பே ரத்தம் சொல்லியிருக்கும்

பெங்களூரில் என் கணவருக்கு புராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய்க்காக ரோபோ அறுவை சிகிச்சை செய்தார்கள். "நோய் சுரப்பிக்கு வெளியேயும் எட்டியிருந்தது. திரும்ப வரலாம். வலி வருவதற்கு முன்பே பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும், தவறாமல் செய்யுங்கள்" என்றார் டாக்டர்.

முதல் பரிசோதனையில் ஒன்றுமில்லை. எங்கள் ஊர் கம்பைநல்லூரில் பழையபடி தக்காளித் தோட்டத்தில் இறங்கிவிட்டார். அடுத்த பரிசோதனைக்குக் கூப்பிட்டேன். "நல்லாத்தான இருக்கறன், சும்மா எதுக்கு ஊசி குத்திக்கறது?" என்று சிரித்தார். அதன்பின் எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை.

ஒருநாள் இடுப்பு வலி தாங்காமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. "நீ கூப்புட்டப்பவே வந்திருக்கோணும்" என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து அழுதார். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

இப்போது அவர் தம்பிக்கும் அதே அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. பரிசோதனை நாளில் நானே போய் அவரை பஸ் ஏற்றி அழைத்துப் போகிறேன். ரிசல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் ஊருக்கு பஸ் ஏறுகிறோம்.